விசை, வேலை, ஆற்றல்: ஒரு சொல் மூன்றாகப் பிரிந்த வரலாறு



அறிவியல் நூல்களில் விசை, வேலை, ஆற்றல் என்னும் மூன்று சொற்களும் மூன்று வரிகளில் முடிந்துவிடுகின்றன. விசை என்பது தள்ளுதல் அல்லது இழுத்தல். வேலை என்பது விசையையும் அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தையும் பெருக்கிவரும் அளவு. ஆற்றல் என்பது வேலை செய்வதற்கான இயலுமை. மூன்றையும் மனனம் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால், இம்மூன்றும் வெவ்வேறானவை என்பதை ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர்கள் தெளிந்து, வெவ்வேறு பெயரிட்டு அழைப்பதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆயின. அந்த நீண்ட வழக்கைப் பாடநூல்கள் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் பிள்ளைகள் கேட்கும் பல கேள்விகளை நாம் வேறு விதமாக எதிர்கொண்டிருப்போம் என்பது என் எண்ணம்.

இதை எழுதத் தூண்டியவர் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார். மகன் இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். அவனுடைய பயிற்றியில் இருந்த ஒரு கேள்வியைப் படம் பிடித்து எனக்குப் புலனத்தில் அனுப்பியிருந்தார். ஒருவர் 20 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் தாங்கியபடி அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறார். அவர் செய்த வேலை எவ்வளவு? பையன் ஏதோ ஒரு பெரிய எண்ணை எழுதியிருந்தான். சரியான விடை சுழியம். அந்த அம்மா கேட்டது இதுதான்: "அவங்க அப்பா லோரியில மூட்டை ஏத்துறவரு, டீச்சர். மூட்டையத் தோள்ல வச்சிக்கிட்டு நிக்கிறது வேலை இல்லன்னு அவருகிட்ட எப்படிச் சொல்றது?"

"அது அன்றாட வழக்கு, இது அறிவியல் வழக்கு" என்று ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால், அந்த அம்மாவின் கேள்வி அறியாமையால் பிறந்ததன்று. அதே குழப்பத்தில்தான் ஐரோப்பிய அறிவுலகம் தலைமுறை தலைமுறையாகச் சிக்கிக் கிடந்தது.

17-ஆம் நூற்றாண்டில் 'விசை' என்பதற்கு இலத்தீனில் 'வீஸ்' என்ற சொல் இருந்தது. தள்ளுவதும் அதுதான், ஓடும் பொருளிடம் உள்ள வேகத்தின் வலிமையும் அதுதான், உழைப்பும் அதுதான். பிரெஞ்சு அறிஞர் டெகார்த் 1644-இல் வெளியிட்ட தம் மெய்யியல் நூலில், உலகைப் படைத்த இறைவன் அதில் ஒரு குறிப்பிட்ட அளவு இயக்கத்தை வைத்தான், அந்த மொத்த அளவு என்றும் மாறாது என்று எழுதினார். அந்த அளவு, பொருளின் பருமனை வேகத்தால் பெருக்கி வருவது. இன்றைய மொழியில் நிறை பெருக்கல் வேகம் என்று கொள்ளலாம். இரண்டு மடங்கு வேகமென்றால் இரண்டு மடங்கு 'விசை'. கேட்பதற்கு நியாயமாகவே படுகிறது. என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

1686-இல் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையில் இதை மறுத்தார். கட்டுரையின் தலைப்பிலேயே டெகார்த்தின் பிழையை எடுத்துக்காட்டப் போவதாக அறிவித்துவிட்டார். அக்காலத்து அறிஞர்கள் சண்டைக்கு அஞ்சியவர்கள் அல்லர். அவருடைய வாதம் ஒரு கூட்டல் கழித்தல் கணக்கைப்போல் எளியது. 4 பவுண்டு எடையை 1 முழம் உயரத்துக்குத் தூக்கவும், 1 பவுண்டு எடையை 4 முழம் உயரத்துக்குத் தூக்கவும் ஒரே அளவு உழைப்புத்தான் தேவை. இதை எவரும் மறுக்கமாட்டார்கள். பெரிய எடையை நான்கு துண்டுகளாக்கி ஒவ்வொன்றாகத் தூக்குவதாக நினைத்துக்கொண்டால் போதும். இனி அவ்விரு எடைகளையும் கீழே விடுவோம். விழும் பொருள் நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழுந்தால் இரண்டு மடங்கு வேகந்தான் பெறும் என்று கலீலியோ முன்னரே காட்டியிருந்தார். ஆகவே தரையைத் தொடும்போது பெரிய எடையின் வேகம் 1 என்றால், சிறிய எடையின் வேகம் 2. டெகார்த்தின் கணக்குப்படி பெரியதற்கு 4 பெருக்கல் 1, அதாவது 4. சிறியதற்கு 1 பெருக்கல் 2, அதாவது 2. இரண்டும் சமமாக இருக்க வேண்டும்; இல்லை. வேகத்தை ஒரு முறைக்கு இரு முறை பெருக்கினால் பெரியதற்கு 4 பெருக்கல் 1 பெருக்கல் 1. சிறியதற்கு 1 பெருக்கல் 2 பெருக்கல் 2. இரண்டும் 4. கணக்கு சரியாகிவிட்டது.

எனவே உண்மையான 'விசை' என்பது நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவதே என்றார் லைப்னிட்ஸ். 1695-இல் வெளிவந்த இன்னொரு கட்டுரையில் அதற்கு 'உயிருள்ள விசை' என்று பெயரிட்டார். அசையாமல் அழுத்திக்கொண்டு மட்டும் இருக்கும் பொருளிடம் உள்ளது 'செத்த விசை'. தோளில் நிற்கும் அரிசி மூட்டையின் பாரம் அவருடைய பட்டியலில் செத்த விசைக்குள் வரும். பெயர் கொஞ்சம் கொடுமையாக இருந்தாலும், வேறுபாடு மிக நுட்பமானது. இரண்டையும் 'விசை' என்றே அவர் அழைத்ததுதான் தொல்லை.

அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஐரோப்பா இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்றது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் பெரும்பாலோர் நிறை பெருக்கல் வேகம் என்ற கட்சி. ஜெர்மனியிலும் ஹாலந்திலும் வேகத்தின் வர்க்கம் என்ற கட்சிக்கு ஆதரவு மிகுதி. லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிராவெசாண்டே முதலில் டெகார்த்தின் அளவை ஏற்றுக்கொண்டிருந்தவர். அவர் ஒரே பருமனும் வெவ்வேறு எடையும் கொண்ட பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணின்மீது விழவிட்டார். எடை குறைந்த குண்டை அதற்கேற்ற விகிதத்தில் அதிக உயரத்திலிருந்து விட்டபோது, குழிகள் ஒரே ஆழத்தில் அமைந்தன. அதாவது களிமண் அளந்தது வேகத்தின் வர்க்கத்தை. 1722-இல் இச்சோதனையை வெளியிட்டதோடு அவர் கட்சியும் மாறிவிட்டார். தாம் கையால் செய்த சோதனைக்குப் பணிந்து கருத்தை மாற்றிக்கொண்ட அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இச்சோதனையை எமிலி து ஷாத்லே என்னும் பிரெஞ்சுப் பெண்மணி செய்ததாகச் சில நூல்களும் காணொளிகளும் கூறுகின்றன. அது சரியன்று. ஆனால், அவருடைய பங்கு அதனினும் பெரிது. 1740-இல் அவர் வெளியிட்ட இயற்பியல் நூல், தம் மகனுக்குப் பாடம் சொல்வதுபோல் எழுதப்பட்டது. அதில் லைப்னிட்ஸின் கட்சியை எடுத்துப் பேசினார். பாரிஸ் அறிவியல் கழகத்தின் செயலாளர் மெராங், இந்தப் பெண்மணிக்கு ஒன்றும் விளங்கவில்லை என்ற தொனியில் 1741-இல் ஒரு திறந்த மடல் எழுதினார். சில வாரங்களிலேயே அச்சில் மறுமொழி வந்தது. பல்கலைக்கழகமோ கழகமோ பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது என்பதை மறந்துவிடக்கூடாது. நியூட்டனின் மாபெரும் நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்ததும் இவரே. அப்பணியை முடிக்கும் தறுவாயில், 1749-இல், பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில நாள்களில் காலமானார். முழு மொழிபெயர்ப்பு 1759-இல் வெளிவந்தது.

1743-இல் தலம்பேர் என்னும் கணித அறிஞர் இது வெறும் சொற்சண்டை என்றார். பாதி உண்மை. ஓடிவரும் வண்டியை நிறுத்துவதற்கு எவ்வளவு நேரம் தடுத்துத் தள்ள வேண்டும் என்று கேட்டால் டெகார்த்தின் அளவு விடை தரும். எவ்வளவு தூரம் தடுத்துத் தள்ள வேண்டும் என்று கேட்டால் லைப்னிட்ஸின் அளவு விடை தரும். கேள்விகள் இரண்டு, ஆகவே விடைகளும் இரண்டு. இன்று முன்னதை உந்தம் என்கிறோம். பின்னது ஆற்றலோடு சேர்ந்தது. ஆனால் 'வெறும் சொற்சண்டை' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பொருள்களுக்கு ஒரே சொல் இருக்கும்வரை, அவை இரண்டு என்பதே கண்ணில் படுவதில்லை.

'வேலை' என்ற சொல் இயற்பியலுக்குள் வந்த வழி முற்றிலும் வேறு. அது மெய்யியலாளர்களிடமிருந்து வரவில்லை; நிலக்கரிக் கணக்கிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களில் ஊறும் நீரை நீராவி எந்திரங்களால் இறைத்தார்கள். அங்கே நிலக்கரி விலை அதிகம். ஆகவே, ஒரு மரக்கால் நிலக்கரிக்கு எத்தனை பவுண்டு நீர் எத்தனை அடி மேலே வருகிறது என்பதுதான் முதலாளிகள் கேட்ட ஒரே கேள்வி. எடையை உயரத்தால் பெருக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது. பழைய எந்திரத்தைவிடத் தங்கள் எந்திரம் எவ்வளவு நிலக்கரியை மிச்சப்படுத்துகிறதோ, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெற்றனர் ஜேம்ஸ் வாட்டும் அவர் பங்காளி போல்ட்டனும். குதிரைகளை விற்றுவிட்டு எந்திரம் வாங்க வந்தவர்களுக்காக, ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் என்று வாட் கணக்கிட்டுவைத்தார். பூனைக்கு மணி கட்டியவர்கள் வணிகர்களே.

அப்பெருக்கலுக்கு 'வேலை' என்று முறையாகப் பெயரிட்டவர் பிரெஞ்சுப் பொறியியல் ஆசிரியர் கொரியோலி. 1829-இல் வந்த அவருடைய நூல் எந்திரங்களின் பயனைக் கணக்கிடுவது பற்றியது. லைப்னிட்ஸின் உயிருள்ள விசையைப் பாதியாக்கினால், அது அப்பொருளுக்கு அவ்வேகத்தைத் தர நாம் செய்த வேலைக்கு அச்சு அசலாகச் சமமாகிறது என்பதை உணர்ந்து, அந்த 'அரை'யைச் சூத்திரத்தில் சேர்த்தவரும் அவரே. (புயல் சுழல்வதற்குக் காரணமாகச் சொல்லப்படும் கொரியோலி விளைவும் இவர் பெயர்தான். நிலநடுக்கோட்டின் அருகே அது மிக வலுக்குறைந்தது என்பதால் நம் பக்கம் பெரும்புயல் உருவாவதில்லை. 2001 டிசம்பரில் ஜொகூரைத் தாக்கிய வாமே புயல் அரிய விதிவிலக்கு.) தொழிலாளியின் உழைப்பைக் குறிக்கும் அன்றாடப் பிரெஞ்சுச் சொல்லையே அவர் எடுத்துக்கொண்டார். அதனால்தான் அந்தத் தாயாரின் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம்.

1840-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரோட்டர்டாம் துறைமுகத்திலிருந்து 'ஜாவா' என்னும் டச்சுக் கப்பல் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்டது. கப்பல் மருத்துவர் ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரைச் சேர்ந்த யூலியுஸ் ராபர்ட் மேயர், வயது 25. ஜூலையில் கப்பல் சுராபாயாவை அடைந்தபோது மாலுமிகள் சிலர் நோயுற்றனர். அக்கால வழக்கப்படி கை நரம்பைக் கீறி இரத்தம் வெளியேற்றினார். சிரையிலிருந்து கருஞ்சிவப்பாக வரவேண்டிய இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக வந்தது. தவறித் தமனியைக் கீறிவிட்டோமோ என்று அவர் திடுக்கிட்டார். வெப்ப நாடுகளில் இது வழக்கந்தான் என்று அங்கிருந்த மருத்துவர்கள் சொன்னார்கள்.

மற்றவர்கள் அத்தோடு விட்டுவிட்டார்கள். மேயரால் விட முடியவில்லை. உணவு உடலுக்குள் மெல்ல எரிவதால்தான் உடற்சூடு உண்டாகிறது என்று லவுவாசியே கூறியிருந்தார். சுராபாயாவின் வெக்கையில் உடல் அதிகச் சூட்டை உண்டாக்கத் தேவையில்லை, ஆகவே குறைவாக எரிக்கிறது, உயிர்வளி மிஞ்சுகிறது, இரத்தம் சிவப்பாகவே திரும்புகிறது. (இன்றைய உடலியல், வெப்பத்தில் தோலுக்குப் பாயும் மிகுதியான குருதியையும் காரணமாகக் கூறும்.) அதிலிருந்து அவர் தாவிய தாவல்தான் அரியது. மனிதன் உண்ணும் உணவு சூட்டை மட்டுமா தருகிறது? அவன் கைகால்கள் செய்யும் உழைப்பையும் அதுவேதானே தருகிறது? அப்படியென்றால் சூடும் உழைப்பும் ஒரே கணக்கேட்டில் இரண்டு பத்திகளாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று இவ்வளவு என்ற நிலையான மாற்று விகிதமும் இருக்க வேண்டும்.

ஊர் திரும்பி 1841-இல் அவர் எழுதியனுப்பிய முதல் கட்டுரைக்கு இதழாசிரியரிடமிருந்து பதிலே வரவில்லை. கட்டுரையில் குறையும் இருந்தது. இயக்கத்தின் அளவை மேயர் நிறை பெருக்கல் வேகம் என்றே எடுத்திருந்தார்! லைப்னிட்ஸ் 155 ஆண்டுகளுக்கு முன்பு சுட்டிய அதே பள்ளத்தில், உலகின் மிகப் பெரிய விதிகளுள் ஒன்றைக் கண்டவர் கால் இடறினார். நண்பர்களிடம் இயற்பியல் கற்றுத் திருத்தி எழுதிய கட்டுரை 1842-இல் வெளிவந்தது. அதன் தலைப்பிலும் இருப்பது 'விசைகள்' என்ற சொல்தான். ஒரு பொருள் 365 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது, அதே எடையுள்ள நீரை 1 பாகை செல்சியசு சூடாக்குவதற்குச் சமம் என்று அதில் கணக்குத் தந்தார். இன்றைய மதிப்பு ஏறக்குறைய 427 மீட்டர். கையிலிருந்த பழைய அளவீடுகளைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே போட்ட கணக்குக்கு அது குறைவில்லை.

அதே காலத்தில் மான்செஸ்டர் பக்கம் பீர் வடிக்கும் தொழிற்சாலையின் உரிமையாளர் மகன் ஜேம்ஸ் ஜூல் வெப்பமானியும் கையுமாகத் திரிந்தார். அவர் மேயரைப்போல் கணக்கு மட்டும் போடவில்லை, நீரையே கலக்கினார். நீர் நிறைந்த கலத்தில் துடுப்புச் சக்கரம். அதை இழுக்கும் கயிற்றின் நுனியில் எடைக்கட்டிகள். எடை இறங்கும்போது சக்கரம் சுழலும், நீர் சூடாகும். எடையை மறுபடி மேலேற்றி மறுபடி இறக்க வேண்டும். 20 முறை இறக்கிய பின்னும் நீர் அரைப் பாகை ஃபாரன்ஹைட் அளவே சூடேறியது. நயாகரா அருவி 160 அடி விழுந்தால், அடியில் நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாகை சூடாக இருக்கும் என்று 1845-இல் எழுதினார். 1850-இல் அவர் முடிவாகச் சொன்னது: ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை ஃபாரன்ஹைட் சூடாக்க, 772 பவுண்டு எடையை ஓர் அடி இறக்க வேண்டும். இன்றைய மதிப்பு 778. அரைப் பாகையை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது வியப்புத்தான். 1847-இல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் அவரைச் சுருக்கமாகப் பேசச் சொல்லி முடிக்கப் பார்த்தார்கள். வில்லியம் தாம்சன் என்ற இளைஞர் எழுந்து கேள்வி கேட்டதால்தான் கூட்டம் கவனித்ததென்று ஜூல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த இளைஞரே பிற்காலத்து கெல்வின் பிரபு.

அதே 1847-இல் பிரஷ்யப் படை மருத்துவராக இருந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ், இவையெல்லாம் ஒரே விதியின் முகங்கள் என்று கணிதத்தோடு எழுதினார். அதையும் இதழ் ஏற்க மறுத்தது. தனி நூலாக அச்சிட்டார். அதன் தலைப்பு 'விசையின் அழிவின்மை'. இன்று ஒரு மாணவன் தேர்வில் அப்படி எழுதினால் நாம் சிவப்பு மையால் சுழிப்போம். விசை அழியும், தோன்றும், அழியாதது ஆற்றல். ஆனால் அந்தச் சொல் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் அப்போது இல்லை. 'எனர்ஜி' என்ற கிரேக்க வேர்ச்சொல்லைத் தாமஸ் யங் 1807-இல் எடுத்துக்கொடுத்திருந்தும், பல்லாண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1850களின் தொடக்கத்தில் தாம்சன் அதைக் கையாளத் தொடங்கினார். 1853-இல் ரேங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 'நிலை ஆற்றல்' என்ற பெயரைத் தந்தார். அதன் பின்னரே விசை ஒரு பக்கமும், வேலை ஒரு பக்கமும், ஆற்றல் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன.

யார் முதல்வர் என்ற பூசல் நெடுநாள் நீடித்தது. மேயர் அதில் மிகவும் நொந்துபோனார். பெற்ற பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்த துயரமும் சேர்ந்து 1850-இல் மனநிலை குலைந்தார். மனநோய் மருத்துவமனைகளில் சில காலம் இருக்க நேர்ந்தது. அரசக் கழகத்தின் காப்ளி பதக்கம் 1870-இல் ஜூலுக்கும் 1871-இல் மேயருக்கும் கிடைத்தது. ஆற்றலின் அலகுக்கு ஜூலின் பெயர் 1889-இல் சூட்டப்பட்டது. சுராபாயாவில் கீறப்பட்ட நரம்பை எந்த அலகும் நினைவூட்டுவதில்லை.

இப்பொழுது லோரியில் மூட்டை ஏற்றும் தந்தைக்கு விடை சொல்லலாம். தோளில் நிற்கும் மூட்டை உயரவில்லை. ஆகவே மூட்டையின்மீது செய்யப்பட்ட வேலை சுழியம். அந்த மூட்டையை ஒரு மேசையும் அரை மணி நேரம் தாங்கும். மேசைக்கு நாசி லெமாக் வேண்டியதில்லை. ஆனால் மனிதத் தோள் மேசை அன்று. மூட்டையைத் தாங்கி நிற்கும்போது தசைநார்கள் ஓயாமல் சுருங்கித் தளர்ந்துகொண்டே இருக்கின்றன. உண்ட உணவு எரிகிறது; எரிந்தது முழுவதும் சூடாக வெளியேறுகிறது. வியர்வைக்குக் காரணம் அதுவே. மேயர் எழுதிய கணக்கேட்டின் ஒரு பத்தி காலியாக இருக்கலாம். மறு பத்தி நிரம்பிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கேள்வியில் சுழியம் என்பது மூட்டையின் கணக்கு. அவருடைய உடலின் கணக்கு வேறு.

மூட்டையை அவர் லோரியில் ஏற்றும்போது நிகழ்வதையும் பார்ப்போம். 20 கிலோவை ஒன்றரை மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 300 ஜூல். 100 மூட்டைகளுக்கு 30,000 ஜூல். இது அரைத் தேக்கரண்டிச் சீனியில் உள்ள ஆற்றல்தான்! உடல் ஐந்தில் ஒரு பங்கை அல்லது சற்று அதிகமாக மட்டுமே வேலையாக மாற்றுகிறது என்று கொண்டாலும் இரண்டு மூன்று தேக்கரண்டிகளைத் தாண்டாது. மின்கட்டண இரசீதில் ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். அதாவது 12,000 மூட்டைகளை லோரியில் ஏற்றும் வேலை. அதன் விலை ஒரு வெள்ளிக்கும் குறைவு. கொரியோலியின் 'வேலை' நிலக்கரிக்கும் எந்திரத்துக்கும் அளவுகோலாகப் பிறந்தது. அதைக்கொண்டு கூலியையோ களைப்பையோ அளக்க முடியாது. அந்த அம்மாவுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் அனுப்பினேன். அவர் கணவர் சீனிக் கணக்கைக் கேட்டுச் சிரித்தாராம்.

நம் மொழியிலும் இச்சொற்கள் இன்னும் முழுமையாகப் பிரிந்து முடியவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆற்றல், திறன். இலங்கையில் அவையே சக்தி, வலு. தமிழ்நாட்டில் குதிரைத்திறன் என்பது இலங்கையில் பரிவலு. நம் நாட்டில் சக்தியும் ஆற்றலும் இரண்டும் புழங்குகின்றன. ஒரே பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் இரண்டு சொற்களைக் கையாள்வதும் உண்டு. விசைத்தறி, விசைப்படகு என்று சொல்லும்போது விசை என்பது எந்திரத்தின் ஆற்றலைக் குறிக்கிறது, ஹெல்ம்ஹோல்ட்ஸின் தலைப்பைப்போலத்தான். 2003 முதல் அறிவியலை ஆங்கிலத்தில் கற்பித்த ஆண்டுகளில் இக்கலைச்சொற்கள் நம் வகுப்பறைகளில் ஓசையிழந்து கிடந்தன. தமிழுக்குத் திரும்பியபோது பல ஆசிரியர்கள் அகராதியோடு உட்கார வேண்டியிருந்தது. இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு டாயா, கெர்ஜா, தெனாகா, குவாசா என்ற நான்கு மலாய்ச் சொற்கள் காத்திருக்கின்றன. விசை, வேலை, ஆற்றல், திறன் என்ற வரிசையை ஆறாம் ஆண்டு முடிவதற்குள் அவற்றோடு இணைத்துக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. சக்தி என்று சொல்லும் ஆசிரியர் சக்தி என்றே சொல்லட்டும். ஆனால் அதே பாடத்தில் விசைக்கும் சக்தி என்று சொல்லாதிருந்தால் போதும்.

கிராவெசாண்டேயின் சோதனையை வகுப்பில் செய்ய விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டும், அதே பருமனுள்ள எஃகுக் குண்டும் வேண்டும். 16 மில்லிமீட்டர் கோலி எளிதில் கிடைக்கும். அதே அளவு எஃகுக் குண்டை வாகனப் பட்டறைகளில் பழைய பேரிங்குகளிலிருந்து கேட்டுப் பெறலாம். எஃகுக் குண்டு கோலியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு எடையிருக்கும்; பிள்ளைகளையே நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். களிமண்ணை நன்றாகப் பிசைந்து, விரல் கனத்துக்குச் சமமாகப் பரப்பி, எஃகுக் குண்டை 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்தும் கோலியை 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்தும் விடுங்கள். விடுவதற்கு முன், எந்தக் குழி ஆழமாக இருக்கும் என்று கைதூக்கச் சொல்லுங்கள். களிமண் காய்ந்துபோனால் குழி விழாது. ஈரத்துணியால் மூடி வைக்கவும்.